கொமோடோ தீவுகளுக்குப் படகில்: இடங்களைக் குறையுங்கள், காலை நேரத்தைக் காப்பாற்றுங்கள்

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். நீங்கள், உங்கள் மனைவி, 12 வயது மகள், 67 வயது அம்மா என நான்கு பேர். பாலிக்குப் போகும் பயணத்தோடு, கொமோடோ உடும்பு என்ற ராட்சதப் பல்லி வாழும் இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்காவையும் சேர்த்துக்கொள்ள நினைக்கிறீர்கள். வேகப்படகில் ஒரே நாளில் ஆறு இடங்களைக் காட்டும் பயணமா, படகிலேயே இரண்டு இரவு தங்கும் பயணமா என்பதில் குழப்பம். எந்த மாதம் நல்லது, அம்மாவால் முடியுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். படகில் தங்குங்கள். மே மாதத்தில் போங்கள். அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் முகவர் அனுப்பியிருக்கும் அந்தப் பயணத்திட்டத்தை அப்படியே ஏற்காதீர்கள். ஒரே நாளில் பாடார், கொமோடோ, இளஞ்சிவப்புக் கடற்கரை, மணல்திட்டு, திருக்கை பார்க்கும் இடம், கடைசியாக இன்னொரு தீவு என்று அடுக்கியிருப்பது புகைப்படம் எடுப்பதற்கான வரிசை. விலங்கைப் பார்க்கும் வரிசை வேறு. நான் இந்தத் தீவுகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். ஏமாற்றத்தோடு திரும்பியவர்களிடம் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: உச்சி வெயிலில் கொமோடோவில் இறங்கி, அரை மணி நேரத்தில், சமையற்கூடத்தின் நிழலில் அசையாமல் படுத்திருந்த ஓர் உடும்பைப் பார்த்துவிட்டுப் படகேறியிருப்பார்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் திட்டம் தானாகவே உருவாகும். சும்பாவா, ஃபுளோரெஸ் என்ற இரண்டு பெரிய தீவுகளுக்கு நடுவே இந்தப் பூங்கா இருக்கிறது. கொமோடோ, ரிஞ்சா, பாடார் ஆகிய மூன்றும் முக்கியத் தீவுகள்; சுற்றிலும் சின்னச் சின்னத் தீவுகள் ஏராளம். 1980இல் தேசியப் பூங்கா ஆனது, 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்தோனேசியா என்றதும் மழைக்காடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே போனால் நம் தென்மாவட்டத்துக் காட்சி கண்முன் நிற்கும். காய்ந்த புல்மேடு, அதன் நடுவே தனித்தனியாகப் பனை மரங்கள், பள்ளத்தில் புளிய மரங்கள். அது நம்முடைய அதே பனைதான். அந்தப் புளிய மர நிழலில்தான் மான்கள் கூடுகின்றன. மான்கள் கூடும் இடத்தில்தான் உடும்பு காத்திருக்கிறது.

கொமோடோ உடும்பை அறிவியல் உலகுக்கு 1912இல் அறிமுகப்படுத்தியவர் ஜாவாவில் பணியாற்றிய பீட்டர் ஓவன்ஸ் என்ற டச்சு விலங்கியலாளர். உலகில் வாழும் பல்லி இனங்களிலேயே மிகப் பெரியது இதுதான். வளர்ந்த ஆண் 3 மீட்டர் நீளத்தை எட்டலாம், எடை 70 கிலோ அளவில் இருக்கும். அதன் எச்சிலில் உள்ள கிருமிகளால்தான் இரை சாகிறது என்று நாம் எல்லாரும் பள்ளியில் படித்தோம். 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அதன் கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டியது. அந்த நச்சு இரத்தம் உறைவதைத் தடுக்கிறது, இரத்த அழுத்தத்தை இறக்குகிறது. ரம்பம்போன்ற பற்களின் விளிம்பில் இரும்புப் படலம் இருப்பது 2024இல் தெரியவந்தது. உங்கள் மகளிடம் புறப்படும் முன்பே இதைச் சொல்லிவையுங்கள்; நேரில் பார்க்கும்போது அவள் வாயை உற்றுப் பார்ப்பாள்.

இது குளிர்இரத்த விலங்கு. விடிந்ததும் வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும், பிறகு நடமாடும், வெயில் ஏறியதும் நிழலில் சரிந்துவிடும். ஆகவே ஏழு மணிக்கும் ஒன்பதரை மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. ஃபுளோரெஸ் தீவின் மேற்கு முனையில் உள்ள லபுவான் பாஜோ துறைமுகத்திலிருந்து வரும் ஒருநாள் வேகப்படகுகள் பெரும்பாலும் விடியற்காலைப் பொழுதைப் பாடார் தீவின் மலையேற்றத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. கொமோடோவுக்கு வரும்போது பத்து, பதினொன்று ஆகிவிடும். படகில் தங்கினால், முந்தைய இரவே தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, முதல் ஆளாகப் படகுத்துறையில் இறங்கலாம். படகில் தங்கச் சொல்வதற்கு எனக்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உங்கள் அம்மா. வேகப்படகு அலைமேல் மோதி மோதிப் போகும். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்களுக்கு அந்த அடி கடுமையானது. அதிலேயே போக நேர்ந்தால் அவரைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். மரப்படகு மெதுவாகப் போகும். லபுவான் பாஜோவிலிருந்து ரிஞ்சாவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், கொமோடோவுக்கு நான்கு மணி நேரம் வரை ஆகலாம். ஆனால் அம்மா மேல்தளத்தில் காற்றாட உட்கார்ந்து தீவுகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். நடமாட இடம் இருக்கும், கழிவறை இருக்கும். ஒரு சிரமம் மட்டும் உண்டு. படகுத்துறை இல்லாத இடங்களில் பெரிய படகிலிருந்து சிறு படகுக்கு இறங்கி, அதிலிருந்து தண்ணீரில் கால்வைத்துக் கரையேற வேண்டும். அவர் முழங்கால் அதற்கு ஒத்துழைக்குமா என்று பாருங்கள். ரிஞ்சாவிலும் கொமோடோவிலும் படகுத்துறை இருக்கிறது, அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

இனி மாதம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். ஜனவரி, பிப்ரவரியில் மேற்கிலிருந்து வீசும் காற்றில் கடல் கொந்தளிக்கும், துறைமுக அதிகாரி படகுகளைத் தடுத்து நிறுத்தும் நாட்கள் வரும். ஜூலை, ஆகஸ்டில் மழை கிடையாது, ஆனால் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். பாடாருக்குத் தெற்கே கடல் முரடாகிவிடும், கூட்டமும் உச்சத்தில் இருக்கும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மே முதல் ஆகஸ்ட் வரை உடும்புகளின் இணைசேரும் காலம். ஜூலை, ஆகஸ்டில் வளர்ந்த உடும்புகள் காட்டுக்குள் ஒதுங்கிவிடுவதால் பாதையோரம் குறைவாகவே தென்படும். செப்டம்பரில் பெண் உடும்பு முட்டையிடும். குழிதோண்டியோ, காட்டுக்கோழிபோன்ற ஒரு பறவை குவித்துவைத்த மண்மேட்டைப் பிடித்துக்கொண்டோ, 20 முட்டை அளவில் இட்டு, சில மாதங்கள் காவல் காக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில், மார்ச், ஏப்ரல் வாக்கில் குஞ்சுகள் வெளிவரும். வந்ததும் மரத்தில் ஏறிவிடும், ஏனென்றால் பெரிய உடும்புகள் அவற்றையும் தின்னும். முதல் சில ஆண்டுகள் அவற்றுக்கு மரத்தின்மேல்தான் வாழ்க்கை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மே என்கிறேன். கடல் பொதுவாக அடங்கியிருக்கும். குன்றுகளில் மழைக்காலத்துப் பச்சை மிச்சமிருக்கும். பள்ளி விடுமுறையும் ஒத்துவரும். மரத்தை அண்ணாந்து பார்த்தால், மஞ்சள் புள்ளிகளோடு குட்டி உடும்பு ஏதாவது கண்ணில் படலாம். மே கிடைக்காவிட்டால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். அப்போது நிலம் முழுக்கக் காய்ந்து பழுப்பாக இருக்கும், எனக்கு அதுவும் பிடிக்கும்.

மூன்று நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது படகுக்கு மட்டும். முன்னும் பின்னும் லபுவான் பாஜோவில் ஒவ்வோர் இரவு தங்கும்படி ஐந்து நாளாக்கிக்கொள்ளுங்கள். பாலியிலிருந்து லபுவான் பாஜோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் காலையில் விமானம், மதியம் படகு என்று திட்டமிட்டால் விமானம் தாமதமானதும் எல்லாம் சரிந்துவிடும். 2024 நவம்பரில் கிழக்கு ஃபுளோரெஸில் லெவோடோபி எரிமலை வெடித்தபோது லபுவான் பாஜோவிலும் பாலியிலும் விமானங்கள் ரத்தாயின. படகிலிருந்து இறங்கிய அன்று மாலையே பாலியில் ஏறிச் சென்னைக்குப் பறப்பதாக டிக்கெட் எடுக்காதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பாலி விமான நிலையத்திலேயே விசா கிடைக்கிறது, இணையத்தில் முன்கூட்டியும் வாங்கலாம். விசாவை அங்கேயே முடித்துவிட்டு உள்நாட்டு விமானத்தில் ஏறினால் போதும்.

அடுத்தது படகு. இதில் மட்டும் நான் மிகவும் கண்டிப்பானவன்.

பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகள் வழியாக இந்தியப் பெருங்கடலுக்கு இறங்குகிறது. அந்த இடுக்குகளில் சில இங்கேதான் உள்ளன. சும்பாவாவுக்கும் கொமோடோவுக்கும் இடையே சாப்பே நீரிணை, கொமோடோவுக்குக் கிழக்கே லிந்தா நீரிணை, ரிஞ்சாவுக்கும் ஃபுளோரெஸுக்கும் இடையே குறுகலான மோலோ நீரிணை. ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், மாறும் நேரத்தில் தண்ணீர் ஆற்றுவெள்ளம்போல் ஓடும், சுழலும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேகம் இன்னும் கூடும். இந்த ஓட்டம்தான் ஆழத்துச் சத்தை மேலே கொண்டுவந்து பவளத்தையும் மீனையும் திருக்கையையும் வாழவைக்கிறது. இதே ஓட்டத்தில்தான் சுற்றுலாப் படகுகள் மூழ்கி உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே படகின் அழகைப் பார்க்கும் முன் அதன் பாதுகாப்பைப் பாருங்கள்.

தெற்கு சுலாவெசியின் மரக்கலக் கைவினையில் பிறந்த பினிசி வகைப் படகுகளைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். அந்தப் படகுகட்டும் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது, பெருமைக்குரியதுதான். ஆனால் இன்று சுற்றுலாவுக்காகக் கட்டப்படும் சில படகுகளில் அடுக்குமேல் அடுக்காக அறைகளை ஏற்றி மேல்பாரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். இரண்டு தளத்துக்கு மேல் உயர்ந்த படகை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன். அறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரே ஒரு ஏணி வழியாக ஏறி வரவேண்டிய அறை வேண்டாம், விலை பாதியானாலும் வேண்டாம். கதவைத் திறந்தால் வெளித்தளத்தில் கால்வைக்கும்படியான அறையை அம்மாவுக்குக் கேட்டு வாங்குங்கள். மகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பெரியவர்களுக்கானது குழந்தையின் தோளிலிருந்து நழுவிவிடும். உயிர்காப்புத் தெப்பம், வானொலிக் கருவி, தீயணைப்பான் இருக்கின்றனவா, பயணிகள் பட்டியல் துறைமுக அலுவலகத்தில் பதியப்படுகிறதா, காப்பீடு உண்டா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். இரவில் படகு ஓடுமா என்பது மிக முக்கியமான கேள்வி. “ராத்திரியே கிளம்பிவிட்டால் விடியும்போது பாடாரில் இருக்கலாம்” என்று சொல்பவரிடம் போகாதீர்கள். இருட்டும் முன் நங்கூரம், விடிந்தபின் பயணம் என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இந்தப் பயணத்தை விற்பவர்களில் பலருக்குச் சொந்தப் படகு கிடையாது. ஒரு படகின் படத்தைக் காட்டிப் பணம் வாங்கி, கடைசி நாளில் “இதேபோன்ற வேறொன்று” என்று மாற்றிவிடுவதும் நடக்கிறது. படகின் பெயரையும், மாற்றினால் முழுப்பணமும் திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள். லபுவான் பாஜோவுக்கு ஒருநாள் முன்னதாகப் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: முந்தைய மாலை துறைமுகத்துக்கு நடந்துபோய்ப் படகை நேரில் பார்த்துவிடலாம். கடலில் மாலுமி வேண்டாம் என்று ஓரிடத்தை ஒதுக்கினால் அவரோடு வாதாடாதீர்கள். பயணிகள் வற்புறுத்தியதால் போகக்கூடாத நேரத்தில் போன கதைகளை அந்தத் துறைமுகத்தில் கேட்கலாம்.

நான்கு பேருக்குத் தனிப்படகு செலவு கூடுதல்தான். பொதுப்படகில் இடம் வாங்கினால் குறைவு, ஆனால் வழித்தடத்தை மாற்ற முடியாது. உங்களைப்போல இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறிய படகைப் பேசுவது நடுவழி. நான் என்றால் அதைத்தான் செய்வேன்.

படகு கையில் கிடைத்ததும் மாலுமியிடம் இப்படிப் போகலாமா என்று கேளுங்கள். முதல் நாள் ஆறு மணிக்கே புறப்பட்டு நேராக ரிஞ்சா. எட்டு, எட்டரைக்கு லோ புவாயா படகுத்துறையில் இறங்கிவிடலாம். அங்கே இப்போது தரைமட்டத்துக்கு மேலே எழுப்பிய நடைபாதையும் தகவல் மையமும் உள்ளன. 2020இல் அதன் கட்டுமானத்தின்போது ஒரு லாரியை எதிர்த்து நிற்பதுபோல் ஓர் உடும்பு இருந்த படம் உலகெங்கும் பரவி, கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த கான்கிரீட்டை நானும் விரும்பவில்லை. ஆனால் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் தடுக்கி விழாமல், பயமில்லாமல் உடும்பைப் பார்க்க அது உதவுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மதியம் ஏதாவது அமைதியான வளைகுடாவில் குளியல், ஓய்வு. மாலையில் ரிஞ்சாவை ஒட்டிய காலோங் தீவு. அந்தத் தீவு முழுக்கச் சதுப்புமரங்கள். ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் அந்தி சாய்ந்ததும் எழுந்து ஃபுளோரெஸ் பக்கம் இரைதேடிப் பறக்கும். இறங்க வேண்டியதில்லை, படகிலிருந்தே பார்க்கலாம். அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடிக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் விடிந்ததும் கிளம்பிப் பாடார். மூன்று வளைகுடாக்கள் ஒரே பார்வையில் தெரியும் அந்த உச்சிக்குப் படிகள் அமைத்திருக்கிறார்கள். நிழலே கிடையாது, நல்ல உடம்புள்ளவர்களுக்கு அரை மணிக்கு மேல் ஆகும். அம்மா பாதிவழியில் உள்ள திட்டு ஒன்றில் நின்றுகொள்ளட்டும், அங்கிருந்தே காட்சி நன்றாக இருக்கும். ஏறும்போது மகளுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: பாடாரில் மான்கள் வேட்டையாடப்பட்டுக் குறைந்துபோனபின், 1970களில் உடும்புகளும் அங்கிருந்து மறைந்துபோனதாகப் பதிவு இருக்கிறது. மானைக் காப்பாற்றாமல் உடும்பைக் காப்பாற்ற முடியாது. பிறகு கொமோடோவின் இளஞ்சிவப்புக் கடற்கரை. ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் சிவப்பு ஓட்டுத்துகள் வெள்ளை மணலோடு கலந்ததால் வந்த நிறம் அது. ஈர மணலில்தான் நன்றாகத் தெரியும். மணலை அள்ளிப் புட்டியில் அடைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, நீங்கள் செய்யாதீர்கள். மதியத்துக்குமேல் வேறெங்கும் போகாமல், கொமோடோ தீவின் நுழைவிடமான லோ லியாங் பக்கம் நங்கூரம் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள் காலை கொமோடோ தீவு. இதற்காகத்தான் இவ்வளவும். நுழைவாயில் திறந்ததும் இறங்கி, வனக்காவலரிடம் குறுகிய பாதை வேண்டாம், நடுத்தரப் பாதை வேண்டும் என்று சொல்லுங்கள். அம்மா சமதளமான குறுகிய பாதையில் இன்னொரு காவலரோடு போகட்டும். காவலர் இல்லாமல் ஓரடிகூட நடக்கக்கூடாது. கவை பிளந்த நீண்ட கோல்தான் அவர்கள் கையில் இருக்கும், உடும்பு நெருங்கினால் அதைக்கொண்டு கழுத்தைத் தள்ளிவிடுவார்கள். ஐந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். அது சோம்பேறிபோல் படுத்திருக்கும், ஆனால் தேவையென்றால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். 2007இல் கொமோடோ தீவில் ஒரு சிறுவன் உடும்பு தாக்கி இறந்தான். 2017இல் காவலர் துணையின்றி மிக அருகில் படமெடுக்கப் போன சிங்கப்பூர்ப் பயணி ஒருவர் காலில் கடிபட்டார். இப்படி நடப்பது அரிது. விதியைக் கடைப்பிடிப்பதால்தான் அரிதாக இருக்கிறது. மகளைப் பெரியவர்கள் இருவருக்கும் நடுவில் நடக்கவிடுங்கள். ஓடக்கூடாது, சட்டென்று குனியக்கூடாது, கையில் தொங்கும் பை வேண்டாம். உடும்பின் பிளவுபட்ட நாக்கு இரத்த வாடையைப் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே உணரும். ஆறாத புண்ணோ, மாதவிலக்கோ இருந்தால் காவலரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்களே வெளிப்படையாகக் கேட்பார்கள், கூச்சப்பட வேண்டாம். கூடுதல் கவனத்தோடு அழைத்துப்போவார்கள்.

உடும்பை மட்டுமே தேடிக்கொண்டு நடக்காதீர்கள். மேலே பாருங்கள்: மஞ்சள் கொண்டையுள்ள வெள்ளைக் காக்கட்டூ கிளிகள் கத்திக்கொண்டு பறக்கும். கூண்டுப்பறவை வணிகத்தால் மற்றத் தீவுகளில் அழிந்துவரும் அந்த இனத்துக்குக் கொமோடோ ஒரு பெரிய புகலிடம். காக்கட்டூ ஆஸ்திரேலியப் பக்கத்துப் பறவை. இந்த உடும்பின் மூதாதையரின் புதைபடிவங்களும் ஆஸ்திரேலியாவில்தான் கிடைத்திருக்கின்றன. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே, ஆசிய விலங்குகளையும் ஆஸ்திரேலிய விலங்குகளையும் பிரிக்கும் எல்லையாகச் சொல்லப்படும் வாலஸ் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்பதற்கு அந்தக் கத்தல்தான் அடையாளம்.

திரும்பும் வழியில் படகுத்துறை அருகே கொமோடோ கிராமத்தார் மரத்தில் செதுக்கிய உடும்புகளை விற்பார்கள். தயங்காமல் வாங்குங்கள். பூங்கா வந்தபின் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கட்டுப்பாடு வந்து, அவர்கள் பிழைப்பு சுற்றுலாவின்மேல் சாய்ந்துவிட்டது. நாக இளவரசி ஒருத்தி பெற்ற இரட்டையரில் ஒருவன் மனிதன், ஒருத்தி ‘ஓரா’ என்ற உடும்பு என்பது அவர்களின் பூர்வகதை. உடும்பை அவர்கள் உடன்பிறப்பாகவே பார்க்கிறார்கள். 2019இல் தீவை ஓராண்டு மூடி அவர்களை வேறிடம் மாற்றத் திட்டமிட்டார்கள், அது கைவிடப்பட்டது. 2022இல் நுழைவுக் கட்டணத்தை 37.5 லட்சம் ரூபியாவாக உயர்த்த முயன்றபோது லபுவான் பாஜோ சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவும் திரும்பப் பெறப்பட்டது. பிறகு 2024 இறுதியில் வேறு அளவில் கட்டணம் உயர்ந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே விதியும் கட்டணமும் அடிக்கடி மாறும். கட்டணம் ஒருவருக்கு, ஒரு நாளைக்கு என்ற கணக்கு. காவலர் கட்டணம் தனி. முகவர் சொல்லும் தொகையில் பூங்காக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, எத்தனை நாளுக்கு என்று பிரித்து எழுதித்தரச் சொல்லுங்கள். பணம் கட்டும் வாரத்தில் பூங்காவின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

அங்கிருந்து திரும்பும் வழியில் காராங் மகாசார். மான்டா திருக்கைகள் வரும் இடம் இது. நீரோட்டத்தில் மிதந்துகொண்டே பார்ப்பீர்கள், படகு பின்னால் வரும். நீச்சல் தெரிந்தாலும் மகள் லைஃப் ஜாக்கெட்டோடுதான் இறங்க வேண்டும், பக்கத்தில் வழிகாட்டி இருக்க வேண்டும். ஓதம் எதிராக இருந்தால் இறங்காதீர்கள். திருக்கையைத் தொடாதீர்கள், அதன் மேலே நீந்தாதீர்கள். 2014 முதல் இந்தோனேசியாவில் அது முழுப் பாதுகாப்புப் பெற்ற உயிரினம். பவளத்தில் கால் ஊன்றாதீர்கள். நான்கு மணி வாக்கில் லபுவான் பாஜோ.

இந்த வழித்தடத்தில் பிரபலமான இரண்டு மூன்று இடங்கள் விடுபட்டிருக்கின்றன. தெரிந்தேதான் விட்டேன். இரண்டு காலைகள் உடும்புக்குக் கிடைத்திருக்கின்றன, அது போதும்.

சாப்பாட்டுக் கவலை நியாயமானது, ஆனால் தீர்க்கக்கூடியது. தெம்பே, தாஹு எனப்படும் சோயா உணவுகளும், காய்கறியும் சோறும் அங்கே அன்றாட உணவு. சிக்கல் சம்பாலில் இருக்கிறது. அதில் தெராசி என்ற இறால் விழுது சேர்த்திருப்பார்கள், அதை அசைவமாகவே நினைக்கமாட்டார்கள். “சைவம்” என்று மட்டும் சொல்லாமல், இறைச்சி, மீன், இறால், முட்டை, தெராசி எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொடுங்கள். ‘தான்பா இகான், தான்பா தெராசி’ என்றால் மீன் இல்லாமல், தெராசி இல்லாமல் என்று சமையல்காரருக்குப் புரியும். கடையில் வாங்கிய புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் ஒரு பொட்டலம் எடுத்துச் சென்றால் அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவார்.

மூடிய காலணி, தொப்பி, மெல்லிய முழுக்கைச் சட்டை அவசியம். கடல்மயக்க மாத்திரை, மலேரியாத் தடுப்பு இரண்டையும் பற்றிப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்; அம்மாவின் வழக்கமான மருந்துகளைக் கூடுதலாகச் சில நாட்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். லபுவான் பாஜோவில் மருத்துவமனை இருக்கிறது, ஆனால் பெரிய சிகிச்சை என்றால் பாலிக்குத்தான் பறக்க வேண்டும். ஆகவே மருத்துவ மீட்புச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுங்கள். ட்ரோனுக்கு முன் அனுமதி வேண்டும், அது இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். தீவுகளில் யாரும் புகைபிடிக்க விடாதீர்கள்: 2018இல் கிலி லாவா தீவின் புல்மேடு எரிந்து கரியானது. குடிநீருக்கு ஆளுக்கொரு குப்பி வைத்துக்கொண்டு படகின் பெரிய குடுவையிலிருந்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக மூன்று படகுக்காரர்களுக்கு இன்றே எழுதுங்கள். மேலே சொன்ன வழித்தடத்தைக் கொடுத்து, இரவில் ஓடுவீர்களா, எங்களுக்கான அறை எந்தத் தளத்தில், குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா என்ற மூன்றையும் மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் தருபவரிடம் விலையைப் பற்றிப் பேசுங்கள். மே மாதத்துக்கு நல்ல சிறிய படகுகள் பிப்ரவரிக்குள் நிரம்பிவிடும். பதில்கள் வந்ததும் அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.